பெரிய சாவி – 14: தட்டியவர்களுக்கெல்லாம் திறந்தவன்

மகள் பாதியில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டு காலையிலும் சமையலறைத் தொட்டியில் அப்படியே கிடந்தது. போன பகுதியைப் படித்து நமக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவர்களுக்கு ஒரு ராத்திரிதான் கழிந்திருக்கிறது. "வெளியூர் வேலைக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்" என்று அம்மா சொன்னதும், ஒன்பதாவது படிக்கிற மகள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாளே, அந்தத் தட்டு. மகள் அதைக் கழுவவில்லை. அவள் வைத்ததை அவளே கழுவட்டும் என்று அம்மாவும் விட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து மாட்டிக்கொள்வானேன் என்று கண்ணாடிக்காரனும் அந்தப் பக்கம் போகவில்லை.

கண்ணாடிக்காரன் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கினாற்போல ஒரு கடை. வருகிறவர்களிடம் கண்ணைப் பற்றிக் கொஞ்சமும் மற்றதைப் பற்றி நிறையவும் பேசுவான். அவன் மனைவிக்குப் பேச்சு அளந்துதான் வரும். மருந்து வைக்கிற குளிர் கிடங்கு ஒன்றில் பதினைந்து வருஷம் பொறுப்பாளராக இருந்தவள். கிடங்கின் பிரதான சாவி அவள் இடுப்பில் இருந்ததால் அங்கே எல்லோருக்கும் அவள் 'பெரிய சாவி'. அவள் காதில் விழாத தூரத்தில் இருக்கும்போது கண்ணாடிக்காரனும் அப்படித்தான் சொல்வான்.

நாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனி இரண்டு கிடங்குகளை ஒன்றாக்கியது. இனி ஒரு பொறுப்பாளர் போதும் என்று சொல்லி, அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இளையவளை வைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் 'சின்ன சாவி'. பெரிய சாவி சாவியைக் கொடுத்துவிட்டு வந்த கடைசி நாளன்று சின்ன சாவி லீவு போட்டுவிட்டாள். "என் முகத்தைப் பார்க்க முடியுமா அவளால? அதான்" என்ற பெரிய சாவி, அந்தப் பேரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அனுப்பாத விண்ணப்பம் இல்லை. வந்தது ஒரே ஒரு வேலை, அதுவும் ராத்திரி பஸ் ஏறினால் விடிந்த பிறகு போய்ச் சேருகிற ஊரில். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். "போயிட்டு வா, நாங்க பாத்துக்கறோம்" என்று கண்ணாடிக்காரன் நேற்றுத் தெம்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

இப்போது அவள் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். 'சரி' என்று பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

குரலில் ஏதோ இருந்தது. கண்ணாடிக்காரன் டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"என் தம்பி இன்டர்நெட்ல வேலை தேடற தளம் ஒண்ணுல கணக்கு திறந்து கொடுத்தானே, நினைவிருக்கா?"

நினைவில்லாமல் என்ன. மச்சினன் அன்றைக்குச் செய்த பிரசங்கத்தை அந்த வீட்டுச் சுவர் கூடத் திருப்பிச் சொல்லும். 'நல்ல வேலையெல்லாம் விளம்பரத்துக்கே வராதுக்கா. ஒருத்தர் இன்னொருத்தரைக் கேப்பாங்க, அவங்க ஒரு பேரைச் சொல்வாங்க, அங்கயே முடிஞ்சிடும். நாலு பேருக்கு நம்மளைத் தெரியணும். நாமளும் நாலு பேரை விசாரிக்கணும்.' அதற்கு அவள், 'ஊரெல்லாம் போய்ப் பல்லைக் காட்டச் சொல்றே' என்றாள். தம்பிக்காகக் கணக்கு திறந்தாளே தவிர, யாரையும் விசாரிக்கவில்லை. பழக விரும்பி வந்த கோரிக்கைகளையும் ஏற்கவில்லை, மறுக்கவில்லை, வாசலிலேயே நிற்கவைத்துவிட்டாள். தினம் ஒருமுறை வேலை விளம்பரங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுவாள்.

"இன்னிக்கு ஒரு செய்தி வந்திருக்கு" என்றாள். "யாரோ ஒரு அம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா மருந்துக் கிடங்கு ஆரம்பிக்கிறாங்களாம். பொறுப்பாளர் வேணுமாம். விளம்பரம் கொடுக்கப் போறதில்லையாம். மூணு மணிக்கு வந்து பாக்க முடியுமான்னு கேக்கறாங்க."

"பாலத்துக்கு அந்தப் பக்கமா? ஸ்கூட்டர்ல கால் மணி நேரம்தானே." டீ சிந்தியதை அவன் கவனிக்கவில்லை.

"முழுசாக் கேளுங்க. 'என் அப்பா போன சமயத்துல நீங்க எழுதின வார்த்தையை நான் மறக்கலை'ன்னு போட்டிருக்காங்க. நான் இவங்களுக்கு எதுவுமே எழுதலையே. ஆள் மாறிப் போச்சோ என்னவோ."

"யாரு, படத்துல முன்முடி மட்டும் நரைச்சிருக்குமே, அந்த அம்மாவா? பாவம். அப்பான்னா அவங்களுக்கு உயிர்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எழுதினேன்."

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"எங்க எழுதினீங்க?"

"இதோ, இதுலதான். காலையில டீ குடிக்கிறப்ப. எனக்கும்தானே உன் தம்பி ஒண்ணு திறந்து கொடுத்தான்."

"உங்களுது உங்க போன்ல இருக்கு. இது என்னுது."

"என் பேரு போட்டிருக்கே." கண்ணாடிக்காரன் திரையில் விரலை வைத்துக் காட்டினான். அதில் தப்பு சொல்ல முடியாது. அவன் பெயர் அங்கே இருக்கத்தான் செய்தது. அலுவலகத்தில் எழுதிப் பழகியபடி, தன் பெயருக்கு முதல் எழுத்தை மட்டும் போட்டு, பின்னால் கணவன் பெயரை முழுசாகப் போட்டிருந்தாள் அவள்.

"முன்னாடி ஒரு எழுத்து இருக்கே. அது யாரு?"

"அது எங்கப்பா இனிஷியல். அவருக்கும் அதே எழுத்துதானே."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "படம்? நான் கிடங்கு அலமாரியைத்தானே போட்டிருந்தேன்."

"நம்ம கடை அலமாரின்னு நெனச்சேன். சின்னதாத் தெரியுதா, சரியா விளங்கலை."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க. உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்கத் தெரியலையா?"

அவன் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"எல்லாரும் திரும்ப எழுதறப்ப 'நன்றி மேடம், நன்றி மேடம்'னு எழுதியிருக்காங்களே. அப்பவாவது தோணலையா?"

"மரியாதைக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

"எல்லாரும் கிடங்குக்காரங்களா இருக்காங்களே, கண்ணாடிக் கடைக்கு எதுக்கு இத்தனை கிடங்குக்காரங்கன்னு?"

"அதை யோசிச்சேன்" என்றான் நேர்மையாக. "சரி, அவங்களுக்கும் கண்ணு இருக்கில்லன்னு நெனச்சேன்."

அவள் சுட்டியை உருட்டிக்கொண்டே போனாள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. யாருக்கோ பதவி உயர்வு, இவன் வாழ்த்து. யாருக்கோ பிறந்தநாள், இவன் வாழ்த்து. குளிர்ப்பெட்டி பழுதாகித் தூக்கம் கெட்டதாக ஒருவன் எழுதியிருந்தான். அறிவுரை சொன்ன பத்துப் பேருக்குக் கீழே, 'தம்பி, முதல்ல போய்ப் படுங்க' என்று இவன். அதற்குக் கீழே அந்தத் தம்பி, 'இதைச் சொன்னது நீங்க மட்டும்தான் மேடம்.' பதினைந்து வருஷத்தில் தான் சேர்க்காத அத்தனை அன்பையும் இந்த மனுஷன் தன் பேரில் சேர்த்து வைத்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வந்த கோரிக்கையெல்லாம் எங்க? அப்படியே வெச்சிருந்தேனே."

"தட்டறாங்க. திறக்க வேண்டாமா?"

"எல்லாருக்கும் திறந்தீங்களா?"

"எல்லாருக்கும்தான்" என்று சொல்லும்போதுதான் கண்ணாடிக்காரனுக்கு அது உறைத்தது.

எல்லோரும் என்றால் சின்ன சாவியும்தான். அந்தப் பெயரைப் பார்த்ததும், அக்காவிடம் நேரே வரப் பயந்து தன் வழியாகச் சமாதானத்துக்கு வருகிறாள் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான். மனசு கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல் ஒரு வரி எழுதியும் வைத்தான்: 'இங்க எல்லாரும் நலம். கோபம் ஆறக் கொஞ்சம் நாளாகும்.' மனைவியின் கோபத்தைப் பற்றிக் கணவன் சொன்ன ஆறுதல் அது. இப்போது பார்த்தால் அது மனைவியே சொன்னதாகப் போயிருக்கிறது. பேரே எடுக்கக் கூடாதென்று அவள் சொன்ன ஆளிடம், அவள் பேரிலேயே.

இதை மட்டும் அவன் சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"நான் போகலை" என்றாள் அவள். "நான் எழுதாததுக்கு அவங்க என்னைக் கூப்பிடறாங்க. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போய் உக்கார்றது? நான் அந்த ஊருக்கே சரின்னு சொல்லிடறேன்."

'போகாதே' என்பதைத் தவிரச் சொல்ல வேறு எதுவும் கண்ணாடிக்காரனிடம் இல்லை. அதைச் சொல்லக் கூடாது என்று நேற்றே முடிவு செய்திருந்தான்.

"போய் அது அப்பா எழுதினதுன்னு சொல்லிடேன்" என்றது ஒரு குரல். மகள் பள்ளிப் பையோடு கதவருகே நின்றிருந்தாள். நேற்று ராத்திரிக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அவ்ளோதானே."

"அஞ்சு மணிக்குள்ள அந்த ஊருக்குப் பதில் சொல்லணும்டி."

"மூணு மணி அஞ்சு மணிக்கு முன்னாடிதாம்மா வரும்" என்று சொல்லிவிட்டு மகள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் போன வழியையே பெரிய சாவி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "நீங்களும் வாங்க. ஆனா அங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

---

புதுக் கட்டடம். பெயிண்ட் காயாத வாசனை. கதவுக் கைப்பிடிகளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. பெரிய சாவி மாடி ஏறிப் போனாள். கண்ணாடிக்காரன் கீழே காவலாளிக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான்.

பேசாமல் உட்கார்வது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. காவலாளி வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். தலையை மட்டும் ஆட்டினான். எந்த ஊர் என்று கேட்டார், சிரித்தான். காவலாளி இவனை ஊமை என்று முடிவு செய்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தார். அவருடைய கண்ணாடி ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை மூக்கின் நுனிக்கு இறங்கியது. அவர் ஏற்றினார். இறங்கியது. ஏற்றினார்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அவள் சொன்னாள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரன் எழுந்துபோய் ஜாடை காட்டிக் கண்ணாடியை வாங்கி, சட்டைப் பையிலிருந்த குட்டித் திருப்புளியால் இரண்டு பக்கமும் முடுக்கி, காதுப்பக்கத்தைக் கொஞ்சம் வளைத்து மறுபடி மாட்டிவிட்டான். காவலாளி தலையைக் குனிந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை.

"பேச்சு வராட்டி என்ன, கையில வித்தை இருக்கு" என்றார் காவலாளி ஆதரவாக.

மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார். "உங்களை மேல கூப்பிடறாங்க."

சின்ன சாவி விஷயம் தெரிந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தான். படி ஏறினான். தான் விளையாட்டாக எழுதியது அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டது, இனி ராத்திரி பஸ்தான் என்று நினைத்தபடியே கதவைத் தள்ளினான்.

பெரிய சாவி நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே முன்முடி நரைத்த அந்த மேலாளர் அம்மா. இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த மேடம்?"

கண்ணாடிக்காரன் மனைவியைப் பார்த்தான். பேசலாமா என்று கேட்கிற பார்வை. அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"ஆமாங்க" என்றான்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "உக்காருங்க. உங்க மனைவி உள்ள வந்ததும் உக்காரவே இல்லை. 'உங்களுக்கு ஆறுதலா எழுதினது நான் இல்லை, என் வீட்டுக்காரர் தெரியாம என் கணக்குல எழுதினது. இது தெரிஞ்ச பிறகும் பேசணும்னா உக்கார்றேன்'னு நின்னுட்டு இருந்தாங்க. இந்த மேசைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருத்தர் நின்னு நான் பார்த்ததில்லை."

"தப்பு என்னுதுதாங்க. அவளுக்கு எதுவும்..."

"தப்புன்னு யாரு சொன்னா? அப்பா போனப்ப எனக்கு எவ்வளவோ ஆறுதல் வந்துச்சு. எல்லாம் அச்சு அடிச்ச மாதிரி. நீங்க மட்டும், 'அப்பாவைப் பத்தி யாராவது கேட்டா அழுகை வரும், யாருமே கேக்கலைன்னா கோபம் வரும், ரெண்டுமே சரிதான்'னு எழுதினீங்க. எனக்கு அப்ப அப்படியேதான் இருந்துச்சு." அந்தம்மா மேசைமேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "நேர்ல நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

"எங்கப்பா போனப்ப எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு" என்றான் கண்ணாடிக்காரன்.

"ஆனா அதுக்காக வேலை கொடுப்பேன்னு நினைக்காதீங்க" என்று அவர் பெரிய சாவி பக்கம் திரும்பினார். "எழுதினது யாருன்னு பாக்கத்தான் உங்க பக்கத்தைத் திறந்தேன். குளிர் கிடங்குல பதினஞ்சு வருஷம்னு இருந்துச்சு. உங்களுக்கும் எனக்கும் பொதுவாத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தாங்க. கிடங்குக்கு ஆள் வேணும்னு அவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சேன். உங்ககிட்ட வேலை பார்த்தவங்கதான்."

வந்துவிட்டது. கண்ணாடிக்காரன் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டான்.

பெரிய சாவிக்கு யாரென்று புரிய ஒரு நொடி ஆனது. "அவளா? அவ என்ன சொன்னா?"

"முதல்ல அவங்களைத்தான் இந்த வேலைக்குக் கேட்டேன். 'எனக்கு வேண்டாம், எனக்கு வேலை கத்துக் கொடுத்தவங்க சும்மா உக்காந்திருக்காங்க, அவங்களை எடுங்க'ன்னாங்க. ஒரு பெட்டி சூடாயிட்டா, யாருக்கும் தெரியாதுன்னாலும் அந்தச் சரக்கைத் தள்ளி வெச்சிட்டு நேரா மேல வந்து சொல்ற ஆளுன்னாங்க. இன்னிக்கு உள்ள வந்ததும் வராததுமா நீங்க சொன்னதைக் கேட்டதும், அவங்க சொன்னது சரின்னு தெரிஞ்சுபோச்சு. முதல் தேதி வந்துடறீங்களா?"

பெரிய சாவி தலையை அசைத்தாள்.

"இன்னொண்ணு. உங்களுக்கு உதவிக்கு ஒருத்தர் வேணும். ஆளை நீங்களே சொல்லுங்க, திங்கக்கிழமைக்குள்ள. அதுக்கும் விளம்பரம் கிடையாது. ஆனா உங்க பழைய கம்பெனி ஆளு மட்டும் வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்து வந்தா, மத்தவங்க கண்ணுக்கு அது ஒரு கூட்டாத்தான் தெரியும்."

"சரிங்க" என்றாள். அப்போது அவள் இருந்த நிலையில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

---

மாடிப்படியின் கடைசிப் படியில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொது இடத்தில் படியில் உட்காருகிறவள் இல்லை அவள். கண்ணாடிக்காரனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் போனை எடுத்து, 'உங்கள் வாய்ப்புக்கு நன்றி, உள்ளூரிலேயே வேலை அமைந்துவிட்டது' என்று அந்த ஊர்க் கம்பெனிக்கு எழுதி அவனிடம் காட்டினாள். அவன் படித்தான். அவள் அனுப்பினாள்.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. இனி அவளை பஸ் ஏற்றிவிட்டு அவன் தனியாகத் திரும்பி வர வேண்டியதில்லை.

"குழாயைத் திறந்துவிட்டு நின்னீங்களே நேத்து" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "எனக்குத் தெரியும்."

"தண்ணி வீணாச்சு" என்றான்.

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, நிற்க நேரம் எடுத்தது. காவலாளி தன் புதுப் பார்வையோடு இவர்களை எட்டிப் பார்த்தார். "அய்யாவுக்குப் பேச்சு வருதா?" என்று வியந்தார்.

ஸ்கூட்டரில் ஏறும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. "ஏங்க, அவ எப்படி எனக்குத் தெரிஞ்சவளா அதுல இருந்தா? அவ கோரிக்கையை நான் ஏத்துக்கவே இல்லையே."

"தட்டறாங்க..."

"திறக்க வேண்டாமா. தெரியும், வண்டியை எடுங்க."

அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல இதுதான் சமயம். பாலம் வந்தது, போனது. அவன் சொல்லவில்லை.

வீட்டில் மகள் சீருடையைக்கூட மாற்றாமல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "முதல் தேதியில இருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றாள். மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு மகள், "நான் அந்தத் தட்டைக் கழுவிடறேன்மா" என்றாள்.

"விடு. நான் கழுவறேன்."

கையை நனைத்த பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. "என் போனை எடுத்து அவ நம்பரைப் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க" என்றாள் கணவனிடம்.

"யார் நம்பர்?"

"உங்களுக்குத் தெரியும் யாருன்னு."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "அக்கா?" என்றது சின்ன சாவியின் குரல், நம்பாமல்.

"ம். வேலை கிடைச்சிடுச்சு. நீதான் சொன்னியாமே."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கடைசி நாள் உங்களை எப்படி வழியனுப்பறதுன்னு தெரியாம லீவு போட்டுட்டேன்க்கா. கோழைத்தனம். அப்புறம் உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை. சும்மா அந்தத் தளத்துல ஒரு கோரிக்கை போட்டேன். ரொம்ப நாள் கிடந்துச்சு. நீங்க ஏத்துக்க மாட்டீங்கன்னே நெனச்சேன். ஏத்துக்கிட்டு அந்த ஒரு வரியும் எழுதினீங்க பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு உயிர் வந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் அந்த மேடம்கிட்ட உங்க பேரைச் சொன்னேன். இல்லேன்னா, நான் சொன்னேன்னு தெரிஞ்சா வேலையே வேண்டாம்னுடுவீங்களோன்னு பயந்திருப்பேன்."

"எந்த வரி?" என்றாள் பெரிய சாவி.

கண்ணாடிக்காரன் சமையலறைச் சுவரில் விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான்.

"'இங்க எல்லாரும் நலம். கோபம் ஆறக் கொஞ்சம் நாளாகும்'னு எழுதினீங்களேக்கா."

அவள் குழாயை மூடினாள். திரும்பிக் கணவனைப் பார்த்தாள். காலையில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவன் சொல்லாமல் விட்டது எது என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மணிக்கு, வேலை போனாலும் போகட்டும் என்று நின்றபடியே, 'நான் எழுதினது இல்லை' என்று சொன்னவள் அவள். இப்போதும் அதையேதான் சொல்லப் போகிறாள் என்று கண்ணாடிக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா" என்றாள் பெரிய சாவி. "நான்தான் எழுதினேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தான்.

"ஆறிடுச்சாக்கா?"

"ஆறிடுச்சு. வீட்டுக்கு வா ஒரு நாள்."

"வரேன்க்கா. இனி எனக்கும் நேரம் நிறைய இருக்கும்." சின்ன சாவி சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "எங்க கிடங்கையும் மூடறாங்க. நேத்துதான் சொன்னாங்க. அந்த மேடம்கிட்ட நான் வேண்டாம்னு சொன்னது போன வாரம். எனக்கென்ன தெரியும். அக்கா, அங்க வேற இடம் ஏதாவது இருந்தா சொல்றீங்களா? எதுவா இருந்தாலும் பரவாயில்லை."

பெரிய சாவி கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டிய ஒரு பெயர் அவளிடம் இப்போதே இருந்தது. அந்தப் பெயர் மட்டும் கூடாது என்பதற்கு, ஒரு மணி நேரம் முன்புதான் 'சரிங்க' என்று சொல்லியிருந்தாள்.

"பாக்கறேன்" என்றாள். "நிச்சயமாப் பாக்கறேன்."

போன் அணைந்தது. "அம்மா, நீ பொய் சொன்னே" என்றாள் மகள், கொஞ்சம் மரியாதையோடு.

அம்மா தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். கையையும் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். "அந்தம்மாகிட்ட இவளுக்காக ஒண்ணு கேக்கணும். நான் கேட்டா சட்டம் பேசற மாதிரி இருக்கும். நீங்க கேளுங்க. ஆனா இந்தத் தடவை உங்க பேர்ல."

கண்ணாடிக்காரன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டான். மச்சினன் திறந்து கொடுத்த நாளிலிருந்து ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத தன் கணக்கைப் போனில் திறந்தான். மேலே இருந்தது சந்தேகமில்லாமல் அவன் பெயர்தான். நண்பர்கள் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு கோரிக்கை மட்டும் வாசலில் நின்றிருந்தது, வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. முன்முடி நரைத்த ஒரு படம்.

"யாருப்பா அது?" என்றாள் மகள், தோளுக்கு மேலிருந்து.

"தட்டறாங்க" என்றான் கண்ணாடிக்காரன், திறந்தான்.